கருத்துக் கேட்டால் போதுமா?
ஐரோப்பாவின் கொரோனா மீட்பு நிதியும் தொண்டு அமைப்புகளும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலர் என்னை அழைத்தபோதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "வெளிநாட்டு அனுபவம்னு பொதுவா எதையாவது பேசிட்டுப் போயிடாதீங்க. பிள்ளைங்களுக்குப் பயன்படற மாதிரி ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் பேசுங்க" என்றார். நியாயமான நிபந்தனைதான். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை, அதாவது கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் 1991இல் இங்கு பி.காம். முடித்தவள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தாலியில், போலோஞா என்ற ஊரில் வசிக்கிறேன். சமூகக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிற ஓர் அலுவலகத்தில் வேலை. சமூகக் கூட்டுறவுச் சங்கம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். முதியோரைப் பார்த்துக்கொள்வது, குழந்தைகள் காப்பகம் நடத்துவது, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுப்பது ஆகிய காரியங்களைச் செய்வதற்கென்றே ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கம். இவற்றுக்கான 381ஆம் எண் சட்டம் இத்தாலியில் வந்ததும் நான் பட்டம் வாங்கிய அதே 1991ஆம் ஆண்டில்தான். பொருத்தம் எப்படி அமைந்தது பாருங்கள்!

இன்று பேசப்போவது இதுதான். கொரோனாவுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளைத் தூக்கி நிறுத்த ஒரு பெரிய நிதியைத் திரட்டியது. அந்த நிதியில் தொண்டு அமைப்புகளுக்கு என்ன இடம் கிடைத்தது? கிடைத்த இடம் போதுமா?

"ஐரோப்பாக்காரன் பணம், ஐரோப்பாக்காரன் பாடு. நமக்கென்னங்க?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினர். ரத்த தானக் குழு, நூலக இயக்கம், கூட்டுறவுச் சங்கம், ஒன்றுமில்லை என்றால் இந்த முன்னாள் மாணவர் சங்கம். பொதுப்பணம் பெரிய அளவில், அவசர அவசரமாக வரும்போது, இப்படிப்பட்ட சங்கங்களின் குரலுக்கு என்ன ஆகிறது என்பதற்கு ஐரோப்பாவின் இந்த அனுபவம் ஒரு நல்ல பாடம். அதை அங்கே நடந்தபடியே சொல்கிறேன். உங்களுக்குத் தேவையானதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் கணக்குப் பதிவியல் எடுத்த சார் ஒருவர், எந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலும் மூன்று கேள்வி கேள் என்பார். பணம் எங்கேயிருந்து வருது? எங்கே போகுது? முடிவு பண்றப்போ யார் யார் உட்கார்ந்திருந்தாங்க? இந்த நிதியையும் அதே வரிசையில் பார்ப்போம்.

முதல் கேள்வி, பணம் எங்கிருந்து வந்தது?

2020 மார்ச்சில் வட இத்தாலியின் பெர்கமோ நகரில் சவப்பெட்டிகளை ராணுவ லாரிகளில் ஏற்றிக்கொண்டு போன படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஆண்டு ஒன்றியத்தின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 6 விழுக்காடு சரிந்தது. இத்தாலி, ஸ்பெயின் போன்ற, ஏற்கெனவே கடனோ வேலையின்மையோ அதிகமாக இருந்த நாடுகளுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. அந்த 2020 மே 18ஆம் தேதி ஜெர்மனியின் அங்கேலா மெர்க்கெலும் பிரான்சின் இமானுவேல் மக்ரோனும் சேர்ந்து, ஒன்றியமே கடன் வாங்கி நாடுகளுக்குக் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். ஆஸ்திரியா, டென்மார்க், நெதர்லாந்து, ஸ்வீடன் ஆகிய நான்கு நாடுகள், "சும்மா கொடுக்கக் கூடாது, கடனாகத்தான் கொடுக்க வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தன. ஜூலை 17இல் தொடங்கிய பேச்சுவார்த்தை 21ஆம் தேதி விடியற்காலையில்தான் முடிந்தது.

முடிவான தொகை, 2018ஆம் ஆண்டு விலைவாசிக் கணக்கில் 75,000 கோடி யூரோ. அதில் 39,000 கோடி மானியம், 36,000 கோடி கடன். 'அடுத்த தலைமுறை ஐரோப்பிய ஒன்றியம்' என்று பெயர் வைத்தார்கள். அதன் பெரும்பகுதி, 67,250 கோடி, 'மீட்பு மற்றும் தாங்குதிறன் ஏற்பாடு' என்ற ஒரே திட்டத்துக்குப் போனது. இந்த அளவில் ஒன்றியம் தன் பெயரிலேயே சந்தையில் கடன் வாங்கியது அதுவே முதல் தடவை.

கடனை எப்போது அடைக்க வேண்டும் தெரியுமா? 2058 வரை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2020இல் பிறந்த குழந்தைக்கு அப்போது 38 வயது! திட்டத்தின் பெயரில் இருக்கிற 'அடுத்த தலைமுறை'தான் தவணையும் கட்டப்போகிறது. ஆகவே இது எந்த அரசாங்கத்துக்கும் கிடைத்த அதிர்ஷ்டப் பணம் அல்ல. 'என்ன செலவு செய்கிறீர்கள்?' என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு. நான் சொல்ல வருகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

இரண்டாவது கேள்வி, பணம் எங்கே போனது?

ஒவ்வொரு நாடும் ஒரு திட்ட அறிக்கை எழுத வேண்டும். பொதுவாக 2021 ஏப்ரல் 30க்குள் கொடுத்துவிட வேண்டும். அதில் குறைந்தது 37 விழுக்காடு பருவநிலைக் காரியங்களுக்கும், 20 விழுக்காடு கணினிமயத்துக்கும் போக வேண்டும். ஐரோப்பிய ஆணையம் அதைப் பரிசீலிக்கும். நாடுகளின் அமைச்சர்கள் அடங்கிய கவுன்சில் ஒப்புதல் கொடுக்கும். பிறகு 13 விழுக்காடு வரை முன்பணம். 19,150 கோடி யூரோ ஒதுக்கப்பட்ட இத்தாலிக்கு, இந்தக் கணக்கில் 2021 ஆகஸ்டில் ஏறத்தாழ 2,490 கோடி யூரோ கைக்கு வந்தது. மீதிப் பணம் தவணை தவணையாக.

இந்தத் தவணையில்தான் புதுமை. வழக்கமான ஐரோப்பிய நிதியில் நீங்கள் செலவு செய்த ரசீதைக் காட்டினால் பணம் வரும். இதில் ஆணையம் ரசீதைப் பார்ப்பதில்லை. 'இந்தச் சட்டத்தை இந்தத் தேதிக்குள் கொண்டு வந்தாயா? இத்தனை கட்டடம் கட்டினாயா?' என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட இலக்குகளைப் பார்க்கும். முடித்திருந்தால் தவணை, இல்லையென்றால் நிறுத்தம். எல்லா இலக்குக்கும் கடைசித் தேதி 2026 ஆகஸ்ட் 31. கடைசிப் பட்டுவாடாவுக்கு 2026 டிசம்பர் 31.

காமர்ஸ் மாணவர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பணம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது. பேரம் பேசுவது ஆணையமும் நிதி அமைச்சகமும். கெடுவோ தலைக்கு மேல் தொங்குகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? "யாரையாவது கூப்பிட்டுக் கேட்டா நேரமாயிடும்" என்ற எண்ணம் தானாகவே வந்துவிடும்.

இனி மூன்றாவது கேள்வி. முடிவு செய்யும்போது யார் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

ஐரோப்பாவில் பின்தங்கிய பகுதிகளுக்கான நிதி என்று பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. அதில் 'கூட்டாளிக் கொள்கை' என்பது சட்டத்திலேயே இருக்கிறது. 2014இல் அதற்கென்று ஒரு நடத்தை விதித் தொகுப்பே போட்டார்கள். உள்ளாட்சிகள், தொழிற்சங்கங்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் எல்லோரும் திட்டம் எழுதும்போதும் இருக்க வேண்டும். நடக்கும்போதும் கண்காணிப்புக் குழுவில் இருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் விதிப்படி அந்தக் குழுவில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஓட்டு உண்டு.

மீட்பு நிதிச் சட்டம் 2021 பிப்ரவரி 12ஆம் தேதியிட்டது. அதன் 18ஆவது பிரிவு என்ன சொல்கிறது? உள்ளாட்சிகள், தொழிற்சங்கங்கள், குடிமைச் சமூக அமைப்புகள், இளைஞர் அமைப்புகள் ஆகியோரிடம் நடத்திய கலந்தாலோசனையைப் பற்றியும், அவர்கள் சொன்னது திட்டத்தில் எப்படி இடம்பெற்றது என்பதைப் பற்றியும் அறிக்கையில் ஒரு சுருக்கம் இருக்க வேண்டும் என்கிறது. அதுவும் அந்தந்த நாட்டுச் சட்ட முறைப்படி. அவ்வளவுதான்! எத்தனை நாள் அவகாசம், எந்த வரைவைக் காட்ட வேண்டும், நடக்கும்போது யார் கண்காணிப்பது என்று ஒன்றும் கிடையாது. பழைய நிதியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். புதிய நிதியில் கருத்துப் பெட்டி வைத்தார்கள்.

ஒன்றியத்தின் உள்ளேயே 'ஐரோப்பிய பொருளாதார சமூகக் குழு' என்று ஓர் ஆலோசனை அமைப்பு இருக்கிறது. 1957 ரோம் ஒப்பந்தக் காலத்திலிருந்தே முதலாளிகள், தொழிலாளர்கள், மற்ற சங்கங்கள் மூவரும் உட்காருகிற இடம். 2021 பிப்ரவரியில் அந்தக் குழுவே நாடு நாடாக விசாரித்து ஒரு தீர்மானம் போட்டது. பெரும்பாலான நாடுகளில் குடிமைச் சமூக அமைப்புகளைச் சேர்த்துக்கொண்ட விதம் போதவில்லை என்பதுதான் அதன் சாரம். இதைச் சொன்னது வெளியே நின்று கொடி பிடிப்பவர்கள் அல்ல, ஒன்றியத்தின் சொந்த உறுப்பு என்பதைக் கவனியுங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்தது என்று சொன்னால் அது நியாயமல்ல. போலந்தில் 2021 மார்ச்சில் தொண்டு அமைப்புகள் முன்னின்று, அந்நாட்டு மீட்புத் திட்டத்தின் வரைவு மேல் தொடராகப் பொதுக் கேட்புக் கூட்டங்கள் நடத்தின. கொரோனாக் காலம் என்பதால் எல்லாம் இணையவழியில். பின்னால் அந்தத் திட்டத்துக்கென்று கண்காணிப்புக் குழு அமைத்தபோது அதில் தொண்டு அமைப்புகளுக்கும் இடம் இருந்தது. கேட்டதால் கிடைத்தது.

இத்தாலியில் கதை வேறு. 2021இல் 'கூட்டாளிகளின் நிரந்தர மேசை' என்று ஒன்று அமைத்தார்கள். தொழிற்சங்கம், பல்கலைக்கழகம், சமூக அமைப்பு எல்லோருக்கும் அதில் இடம். பெயரில் 'நிரந்தரம்' இருந்தது. 2023 பிப்ரவரியில் வந்த ஓர் அவசரச் சட்டம் அந்த மேசையையே எடுத்துவிட்டது! அந்த வேலையைப் பிரதமர் அலுவலகத்து ஒருங்கிணைப்புக் குழுவுக்கு மாற்றினார்கள். இத்தனைக்கும் அரசும் தொண்டு அமைப்புகளும் உடனிருந்து திட்டமிட வேண்டும் என்ற விதி இத்தாலியின் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அது செல்லும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. சட்டம் அலமாரியில் இருந்தது; அவசரம் வாசலில் நின்றது.

"சரிம்மா, உட்கார வைக்கலைன்னா என்ன குடி முழுகிப் போச்சு? வேலை நடந்தா சரிதானே?" என்று கேட்கலாம். அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

இத்தாலியின் திட்டத்தில் எனக்கு நெருக்கமான பகுதி, குழந்தைகள் காப்பகமும் மழலையர் பள்ளியும். 460 கோடி யூரோ ஒதுக்கி, 2,64,480 புதிய இடங்கள் உண்டாக்குவோம் என்றார்கள். தென் இத்தாலியில் காப்பகம் குறைவு. அதனால் பெண்கள் வேலைக்குப் போவதும் குறைவு. எனவே அருமையான நோக்கம். ஆனால் 2022 தொடக்கத்தில் உள்ளாட்சிகளிடம் விண்ணப்பம் கேட்டபோது, யாருக்கு அதிகம் தேவையோ அந்தத் தெற்கிலிருந்தே போதிய விண்ணப்பம் வரவில்லை. கடைசித் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். ஏன்? கட்டடத்துக்கு ஐரோப்பா பணம் கொடுக்கும். கட்டிய பிறகு ஆசிரியைக்குச் சம்பளம் யார் கொடுப்பது? விண்ணப்பமே தயார் செய்ய ஆள் இல்லாத சின்ன ஊராட்சிகள் எத்தனை! நடத்தும் செலவுக்கென்று 2022 பட்ஜெட் சட்டத்தில் தொகை வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் கட்டுமான விலை வேறு ஏறிவிட்டது. கடைசியில் 2023 டிசம்பரில் திட்டத்தைத் திருத்தியபோது இலக்கு 1,50,480 இடமாகக் குறைந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் இடம் காகிதத்திலேயே போய்விட்டது.

காப்பகம் நடத்துகிற எந்தக் கூட்டுறவுச் சங்கத்தைக் கேட்டிருந்தாலும் இதை முதல் நாளே சொல்லியிருக்கும். "கட்டடம் அல்ல சார் கஷ்டம், மாசாமாசம் சம்பளம்தான் கஷ்டம்" என்று எங்கள் அலுவலகத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் சொல்லுகிற வாக்கியம் அது. குடிமைச் சமூகத்தைக் கூப்பிடுவதை ஏதோ அவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று நினைக்கக் கூடாது. திட்டத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள். கூப்பிடாவிட்டால் நஷ்டம் திட்டத்துக்குத்தான்.

அடுத்தது, தொண்டு அமைப்புகளின் கைக்கே வந்த பணம். வரவே இல்லை என்று சொல்ல முடியாது. இத்தாலியின் தெற்கில் குழந்தைகளின் கல்வி வறுமையைப் போக்க, தொண்டு அமைப்புகள் மூலமாகவே செலவு செய்வதற்கென்று 22 கோடி யூரோ ஒதுக்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் 19,150 கோடிக்கு முன்னால் 22 கோடியை வைத்துப் பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய் சில்லறை.

அந்தச் சில்லறையைக் கையில் வாங்குவதற்கும் பலம் வேண்டும். இத்தாலியின் மீட்புத் திட்டத்தில், வேலையைச் செய்பவர்களுக்குத் தொடக்கத்தில் கொடுத்த முன்பணம் பொதுவாக 10 விழுக்காடு. 2024இல்தான் அதை 30 ஆக உயர்த்தினார்கள். மீதிச் செலவைச் சங்கம் முதலில் செய்ய வேண்டும், கணக்கை ஒப்படைக்க வேண்டும், பரிசீலித்த பிறகு பணம். ஒவ்வொரு ரசீதிலும் திட்ட எண் இருக்க வேண்டும். யார் எந்த மணியில் என்ன வேலை செய்தார் என்று தாள் இருக்க வேண்டும். பெரிய சங்கத்துக்கு இதற்கென்று தனி இலாகாவே இருக்கும். பன்னிரண்டு பேர் வேலை செய்கிற சின்னக் கூட்டுறவுச் சங்கத்துக்கு? அப்படி ஒரு சங்கத்தின் தலைவி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "வேலை கிடைச்சதுக்குச் சந்தோஷப்படறதா, சம்பளம் போட பேங்க்ல கடன் வாங்கணுமேன்னு கவலைப்படறதா?" என்று கேட்டார். இரண்டும் நியாயம்தான் என்றேன். வேறென்ன சொல்ல?

இதனால் ஒரு விளைவு. பெரியவை மேலும் பெரிதாகும், சின்னவை ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் கொரோனாவில் வீடு வீடாகச் சாப்பாடும் மருந்தும் கொண்டு போனவர்களில் நிறையப் பேர் சின்னச் சங்கத்துக்காரர்கள். இத்தாலியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களிலேயே ஏராளமானோர் சம்பளமில்லாத தொண்டர்கள். ஃபிளாரன்ஸ் நகரத்தில் அப்படி ஒரு தொண்டர் சபை 1244இல் தோன்றியதாகச் சொல்வார்கள். இந்தக் காலத்திலும் அது ஆம்புலன்ஸ் நடத்துகிறது. கஷ்ட காலத்தில் முதலில் கூப்பிடுவதும், திட்டம் போடும்போது கடைசியில் கூப்பிடுவதும் எந்த ஊர் நியாயம்?

நண்பர்களே, பணம் வாங்குவது, கருத்துச் சொல்வது ஆகிய இரண்டும் தவிர, தொண்டு அமைப்புகளுக்கு மூன்றாவது ஒரு வேலையும் உண்டு. கணக்குக் கேட்பது.

ரோம் நகரத்தில் ஓப்பன்போலிஸ் என்று ஓர் அமைப்பு. மீட்புத் திட்டத்தின் இலக்குகளையும் பணிகளையும் ஊர்வாரியாகத் தொகுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்தார்கள். அரசாங்கம் விவரம் கொடுக்காதபோது தகவல் பெறும் சட்டத்தின்படி மனுப் போட்டு வாங்கினார்கள். 2023இல் ஒன்றியம் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு நாடும் இந்த நிதியில் அதிகப் பணம் பெற்ற 100 பேரின் பட்டியலை வெளியிட வேண்டும், ஆண்டுக்கு இரண்டு தடவை புதுப்பிக்க வேண்டும் என்று ஆக்கியது. நூறு பேர்தான், எல்லோரும் இல்லை. ஆனாலும் ஒரு சன்னல் திறந்தது.

கணக்குக் கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2024 ஏப்ரல் 4ஆம் தேதி ஐரோப்பிய அரசு வழக்குத் தொடுநர் அலுவலகம், இந்த நிதியில் 60 கோடி யூரோ அளவுக்கு மோசடி நடந்ததாகச் சந்தேகித்து, இத்தாலி, ஆஸ்திரியா, ருமேனியா, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளில் ஒரே நாளில் சோதனை போட்டது. பங்களா, ரோலக்ஸ் கடிகாரம், லம்போர்கினி கார் எல்லாம் பறிமுதல். 2025 மே மாதம் ஐரோப்பியத் தணிக்கை மன்றம் இந்த நிதியின் பாடங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. உண்மையான செலவு எவ்வளவு, கிடைத்த பலன் என்ன என்ற விவரம் போதவில்லை என்று அதில் சொன்னது. ரசீது பார்க்காமல் இலக்கு பார்க்கிற முறையில் இந்த ஆபத்து உள்ளேயே இருக்கிறது. பத்திரிகையும் சங்கங்களும் விழித்திருந்தால்தான் அந்த இடைவெளி ஓரளவாவது நிரம்பும்.

விழித்திருப்பவர்களுக்குச் சோதனையும் வரும். ஹங்கேரியின் திட்டத்துக்கு 2022 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தபோது, நீதித்துறைச் சுதந்திரம், ஊழல் தடுப்பு சம்பந்தமாக 27 நிபந்தனைகளை முடித்தால்தான் பணம் என்றார்கள். அந்தச் சீர்திருத்தங்களின் பகுதியாக ஊழல் தடுப்புக்கு ஒரு பணிக்குழு வந்தது. அதில் அரசுத் தரப்புக்குச் சமமாகத் தொண்டு அமைப்புகளின் தரப்பும் உட்கார்ந்தது. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் ஹங்கேரிக் கிளையும் அதில் ஒன்று. ஆனால் 2023 டிசம்பரில் அந்நாடு 'இறையாண்மைப் பாதுகாப்பு அலுவலகம்' ஒன்றுக்குச் சட்டம் போட்டது. 2024 ஜூனில் அந்த அலுவலகம் இதே அமைப்பின் மேல் விசாரணை தொடங்கியது! 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் அந்தச் சட்டத்தை எதிர்த்து ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு கை நாற்காலி போடுகிறது, மறு கை விசாரணைக் கடிதம் கொடுக்கிறது. மேசையில் இடம் கிடைப்பது பாதிதான். பயமில்லாமல் பேச முடிவது மீதிப் பாதி.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். அரசாங்கத்துக்காரர்கள் இரண்டு வாதம் வைக்கிறார்கள். ஒன்று, வீடு தீப்பிடித்து எரியும்போது கமிட்டி போட முடியாது. இரண்டு, எங்களை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், இந்தச் சங்கங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

முதல் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2020இல் தீ எரிந்தது. கடன் வாங்கும் முடிவை வேகமாக எடுத்தது சரி. ஆனால் செலவு ஆறு வருடத் திட்டம். ஆறு வருடமும் தீ என்று சொல்ல முடியாதே! இரண்டாவது வாதத்துக்கு என் பதில் இது: சங்கங்கள் அரசாங்கத்துக்குப் பதிலாக முடிவெடுக்கக் கேட்கவில்லை. முடிவெடுக்கும் முன் வரைவைக் காட்டு, சொன்னதைக் கேள், ஏற்காவிட்டால் காரணம் சொல், நடக்கும்போது பார்க்க விடு. இந்த நாலுதான். ஓட்டுப் போட்ட மக்களுக்கே அடுத்த தேர்தலில் இந்த விவரம்தானே வேண்டும்?

இனி ஏன் இப்போது இதைப் பேசுகிறேன் என்று சொல்லி முடிக்கிறேன். ஒரே ஒரு தடவைக்கு என்று கொண்டுவந்த இந்த முறை, ஒரு தடவையோடு போகவில்லை. 2025 ஜூலை 16ஆம் தேதி ஐரோப்பிய ஆணையம் 2028 முதல் 2034 வரைக்கான பட்ஜெட் யோசனையை வைத்தது. மொத்தம் கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி யூரோ. அதில் விவசாயம், பின்தங்கிய பகுதி வளர்ச்சி எல்லாவற்றையும் சேர்த்து நாட்டுக்கு ஒரு திட்டமாக ஆக்கி, இலக்கு பார்த்துப் பணம் கொடுப்பது என்ற மீட்பு நிதியின் வழியையே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 86,500 கோடி யூரோ அந்தத் திட்டங்களுக்கு. அதாவது, முன்பு நாற்காலி இருந்த பழைய நிதியும் இனிமேல் புதிய முறைக்குள் வரும் என்பது யோசனை.

ஆனால் ஒரு வித்தியாசம். இந்தத் தடவை கூட்டாளிக் கொள்கை வரைவுச் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்குத் தெரிந்து, 2021இல் 'எங்களைக் கேட்கவில்லை' என்று நாடு நாடாக எழுதி, தீர்மானம் போட்டு, அறிக்கை விட்டுப் பதிவு செய்து வைத்த சங்கங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. குறையைச் சொல்லி விட்டுவிடாமல் குறித்து வைத்தார்கள். ஆனால் சட்டத்தில் எழுத்து இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இத்தாலியின் 'நிரந்தர மேசை'யே உதாரணம். யார் போய் உட்காருகிறார்கள், உட்காருகிறவருக்கு வரைவு எத்தனை நாள் முன்னால் கைக்கு வருகிறது, சின்னச் சங்கத்துக்காரருக்குப் பஸ் செலவு யார் கொடுக்கிறார்கள், இதில்தான் விஷயமே.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் மேற்படிப்புக்கு ஐரோப்பா போவீர்கள். சிலர் தொண்டு அமைப்புகளில் வேலைக்குச் சேருவீர்கள். பலர் உள்ளூரிலேயே ஒரு சங்கத்துக்குச் செயலராகவோ பொருளாளராகவோ ஆவீர்கள். எங்கே இருந்தாலும் மூன்று பழக்கம் வேண்டும். வரைவு வரும்போதே படியுங்கள். அச்சான பிறகு படித்தால் வருத்தப்பட மட்டுமே முடியும். உங்கள் சங்கத்தின் கணக்கை யார் கேட்டாலும் காட்டுகிற மாதிரி வையுங்கள். அடுத்தவரிடம் கணக்குக் கேட்க அதுதான் தகுதி. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். நாலு சின்னச் சங்கம் சேர்ந்து ஒருவரை அனுப்புங்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும். அதில் சின்னக் கை, பெரிய கை என்ற வித்தியாசம் வடத்துக்குத் தெரியாது.